43 கேள்வியா, 12 கேள்வியா?

நோய் முற்றிவிடுமோ என்ற பயத்தை அளக்க 2005-இல் ஜெர்மனியில் 43 கேள்விகள் கொண்ட படிவம் வந்தது. அடுத்த ஆண்டே அதிலிருந்து 12 கேள்விகளை எடுத்துச் சுருக்கிவிட்டார்கள். சிங்கப்பூர்ப் பலதுறை மருந்தகத்தில், வரிசை எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் நீரிழிவுக்கார மாமாவிடம் எதைக் கொடுப்பது?

என் ஓட்டு சின்னதுக்கே. கேள்விக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 12க்கும் 60க்கும் இடையில் வரும். 34ஐத் தொட்டால் பயம் அளவு கடந்துவிட்டது என்று பலரும் கொள்கிறார்கள். மருத்துவரைப் பார்க்கும் முன் வரும் படபடப்பு, அன்றாட வேலைக்கு அந்நியர் கையை எதிர்பார்க்க நேருமோ, பிள்ளைகளுக்கும் இந்த நோய் வருமோ, எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்பம் என்னவாகும்... நம் வீடுகளில் வாய்விட்டுப் பேசாத எல்லாமே இதில் இருக்கின்றன.

பயத்தை ஒருவர் எப்படிச் சமாளிக்கிறார் என்ற பகுதி மட்டும் பெரிய படிவத்தில்தான் உண்டு. ஆலோசகருடன் உட்கார்ந்து பேச நேரமிருந்தால் சரி, அதை எடுக்கலாம்.

எதுவானாலும், மகனையோ மகளையோ மொழிபெயர்க்க விடாதீர்கள். பிள்ளை முகத்தைப் பார்த்ததும் “அதெல்லாம் ஒன்றும் இல்லை” என்றுதான் பதில் வரும். தமிழ் தெரிந்த தாதி கேட்கட்டும்.