‘போர்டு போச்சுண்ணா’ என்று கடைக்காரர் சொன்னால்

ஐந்து வருடப் போன். கீழே விழுந்து திரை நொறுங்கி, செல்லோ டேப் ஒட்டித்தான் நான்கு மாதம் ஓட்டினேன். தடவினால் கட்டைவிரலைக் கீறும். நம்பர் போடும்போது ‘7’ மட்டும் அமுங்காது. புதுசு வாங்குவதா, திரையை மாற்றுவதா என்று இழுத்தடித்துவிட்டு, போன மாதம் பழைய வண்ணாரப்பேட்டையில் எம்.சி. ரோட்டுப் பக்கம் ஒரு சந்துக்கடையில் கொடுத்தேன். டிஸ்ப்ளே காம்போ 2,400 ரூபாய், ஒரு மணி நேரமாகும், டீ குடித்துவிட்டு வாங்க என்றார்கள். போனேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

திரும்பி வந்தால் போன் கட்டையாகக் கிடக்கிறது, அதே உடைந்த திரையோடு. “போர்டு போச்சுண்ணா. இதுக்கு மேல செலவு பண்றது தண்டம். பழசுக்கு ஐந்நூறு போட்டுக்கிறேன், இதை எடுத்துக்கோங்க” என்று பளபளவென்று ஒரு செகண்ட் ஹேண்டை நீட்டினார். உயிரோடு உள்ளே போனது எப்படிச் செத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. முழுசாக 7,000 கொடுத்து வாங்கினேன். குழந்தை போட்டோ இருக்கிறதே என்று பழசை மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் மச்சான் அந்த செகண்ட் ஹேண்ட் போனில் *#06# அழுத்தி, வந்த 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்ணை, எடுத்தான். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்று அடித்து, இடம் விட்டு, அந்த எண்ணைப் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினான். பதில்: டூப்ளிகேட். பிளாக்லிஸ்ட், டூப்ளிகேட், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது, இதில் எது வந்தாலும் வாங்காதீர்கள் என்று அரசே சொல்கிறது. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் பார்க்கலாம். அரை நிமிட வேலை, கடையில் நின்றபடியே செய்திருக்கலாம்.

கடைக்கு ஓடினேன். பில் என்று தந்திருந்த துண்டுச் சீட்டில் ‘மொபைல் 1’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. ஐஎம்இஐ எழுதாத பில்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? “செகண்ட்ஸ்ல ரிட்டர்ன் கிடையாதுண்ணா.” 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

அப்புறம் பழைய போனைத் தண்டையார்பேட்டையில் மச்சானுக்குத் தெரிந்த பையனிடம் காட்டினோம். என் கண் முன்னாலேயே பின்மூடியைக் கழற்றினான். டிஸ்ப்ளே ஸ்ட்ரிப்பின் கனெக்டர் பொருந்தாமல் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் ஒரு அழுத்து. ‘டிக்’. போன் அதிர்ந்து லோகோ வந்தது. நூறு ரூபாய் வாங்கிக்கொண்டான்.

இதையும் அதில்தான் அடிக்கிறேன். மேலே 7,000 என்று போட, அந்த ‘7’-ஐ ஒரு பழைய மெசேஜிலிருந்து காப்பி எடுக்க வேண்டியிருந்தது.