ரோமன் எண், தமிழ் எண், இந்திய எண்: கணக்குப் போட எது தோது?

ரோமன் எண்களை மட்டம் தட்ட எல்லோரும் எடுக்கும் ஆயுதம் பெருக்கல். ‘ⅩⅩⅤⅠⅠ-ஐ ⅩⅠⅤ-ஆல் பெருக்கிப் பார், தெரியும் சேதி’ என்பார்கள். சரி, பெருக்கித்தான் பார்ப்போமே.

முதலில் 14-ஐ ⅩⅠⅠⅠⅠ என்று விரித்துக்கொள்வோம். பழைய ரோமானியர் அப்படியும் தாராளமாக எழுதினார்கள். இப்போது பத்து மடங்கு. ஒவ்வொரு குறியையும் ஒரு படி ஏற்றினால் போதும்: Ⅰ இருந்த இடத்தில் Ⅹ, Ⅴ இருந்த இடத்தில் Ⅼ, Ⅹ இருந்த இடத்தில் Ⅽ. ⅩⅩⅤⅠⅠ என்பது ⅭⅭⅬⅩⅩ ஆகிவிடும், அதாவது 270. மிச்சம் நான்கு மடங்கு. 27-ஐ இரட்டித்தால் ⅬⅠⅠⅠⅠ, இன்னொரு தடவை இரட்டித்தால் ⅭⅤⅠⅠⅠ. 270-ஐயும் 108-ஐயும் ஒன்றாகக் கொட்டினால் ⅭⅭⅭⅬⅩⅩⅤⅠⅠⅠ. விடை 378. வாய்ப்பாடு எதுவும் தேவைப்படவில்லை.

வசதியான எண்களாகப் பொறுக்கி எடுத்தேன் என்பது உண்மைதான். 789-ஐ 468-ஆல் பெருக்கச் சொன்னால் தாள் முழுக்கக் குறிகள் குவிந்துவிடும். ஆனாலும் ரோமன் எண்ணில் கணக்கே போட முடியாது என்பது மிகைப்பேச்சு. கூட்டல் இன்னும் சுலபம். 1966-உடன் 378-ஐக் கூட்ட வேண்டுமா? ⅯⅮⅭⅭⅭⅭⅬⅩⅤⅠ, ⅭⅭⅭⅬⅩⅩⅤⅠⅠⅠ இரண்டையும் கலந்து, ஒரே மாதிரிக் குறிகளை ஒன்றாகச் சேர்க்க வேண்டியதுதான். இரண்டு Ⅴ ஓர் Ⅹ ஆகும், இரண்டு Ⅼ ஒரு Ⅽ ஆகும், ஐந்து Ⅽ ஒரு Ⅾ ஆகும், இரண்டு Ⅾ ஓர் Ⅿ ஆகும். கடைசியில் ⅯⅯⅭⅭⅭⅩⅩⅩⅩⅠⅠⅠⅠ என்று வந்து நிற்கும். 2344.

இதில் கெடுதல் செய்வது, ‘ஐந்துக்கு முன்னால் ஒன்று வந்தால் நான்கு’ என்ற கழித்தல் வழக்கம். நாம் பள்ளியில் அதைக் கட்டாய விதியாகப் படிக்கிறோம். ரோமில் அந்தக் கண்டிப்பு இருக்கவில்லை. கொலோசியத்தில் 23 முதல் 54 வரையிலான வாசல்களின் எண்கள் இன்றும் இருக்கின்றன. 44-ஆம் வாசலில் ⅩⅬⅠⅠⅠⅠ என்று வெட்டியிருக்கிறார்கள். நாற்பதுக்குக் கழித்தல், நான்குக்குக் கூட்டல். கி.பி. 9-இல் ஜெர்மானியரோடு நடந்த போரில் இறந்த மார்கஸ் கேலியஸ் என்ற படை அதிகாரியின் நினைவுக்கல்லில், அவருடைய 18-ஆம் படையணி ⅩⅠⅠⅩ என்று இருக்கிறது. இருபதுக்கு இரண்டு குறைவு! இன்று ஆறாம் வகுப்பு விடைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவார்கள்.

மூன்றையும் எழுதிப் பார்த்தால்

ரோமன் எண்ணை 0 முதல் 9 வரையிலான இந்திய எண்ணோடு மட்டும் ஒப்பிடுவதுதான் வழக்கம். அப்படிச் செய்தால் இருட்டும் வெளிச்சமும் மாதிரிதான் தெரியும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு முறை நம் கைவசமே இருக்கிறது: பழைய தமிழ் எண்கள்.

1888-ஐ எடுத்துக்கொள்வோம்.

ரோமன்: ⅯⅮⅭⅭⅭⅬⅩⅩⅩⅤⅠⅠⅠ
தமிழ்: ௲௮௱௮௰௮ (௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து, ௮ எட்டு)
இந்திய எண்: 1888

பதின்மூன்று குறி, ஆறு குறி, நான்கு குறி. இப்போது 2005.

ரோமன்: ⅯⅯⅤ
தமிழ்: ௨௲௫
இந்திய எண்: 2005

இங்கே பழைய முறைகள் இரண்டும் முந்துகின்றன. இல்லாத நூறையும் இல்லாத பத்தையும் பற்றி அவை வாயே திறப்பதில்லை. இந்திய எண் மட்டும் ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று இரண்டு தடவை எழுதியாக வேண்டும்.

வாசிக்க எது சுலபம் என்றால், என் ஓட்டு தமிழுக்கு. ௮௱௮௰௮ என்பதை எழுதியபடியே ‘எட்டு நூறு, எட்டுப் பத்து, எட்டு’ என்று படித்துவிடலாம். எத்தனை என்பதற்கு ஒரு குறி, எந்த இடம் என்பதற்கு ஒரு குறி. ரோமனில் கண் எண்ண வேண்டியிருக்கிறது: மூன்று Ⅽ-யா, நான்கா? எண்ணின் அளவும் பார்வைக்குப் பிடிபடாது. 888-க்குப் பன்னிரண்டு குறிகள், 1000-க்கு ஒன்றே ஒன்று. இந்திய எண்ணில் நீளமானது பெரியது. எந்தக் குழந்தையும் பார்த்தவுடன் சொல்லும்.

பெரிய எண்களில் ரோமன் சீக்கிரமே மூச்சு வாங்கும். 3999-க்கு மேல் போனால் தலைக்கு மேல் கோடு இழுத்து ‘இது ஆயிரம் மடங்கு’ என்று சொல்ல வேண்டும். தமிழில் லட்சத்தை ௱௲ என்று எழுதலாம், கொஞ்ச தூரம் தாங்கும். இந்திய எண்ணுக்கு எல்லையே கிடையாது.

தமிழ் முறைக்கும் இந்திய முறைக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு சின்னது என்பதையும் கவனிக்க வேண்டும். ௮௱௮௰௮-இல் ௱, ௰ இரண்டையும் எடுத்துவிட்டால் ௮௮௮. இடத்தின் பெயரை எழுதாமல் இடமே பேசட்டும் என்று விட்டுவிடுவதுதான் வித்தியாசம். அப்படி விட்டால் ௨௱௫ என்ன ஆகும்? ௨௫ ஆகிவிடும். 205-ஐயும் 25-ஐயும் பிரிக்க ஒரு குறி வேண்டும். பூஜ்யத்தின் முதல் வேலை அதுதான்.

எண்ணோடு எண் மோதவில்லை

இந்த ஒப்பீட்டில் பெரும்பாலும் தவறவிடும் விஷயம், ரோமானியர் ரோமன் எண்களை வைத்துக் கணக்குப் போடவில்லை என்பது. கணக்குப் பலகையில் கூழாங்கற்களை நகர்த்திப் போட்டார்கள். விடையை எழுதி வைக்கத்தான் எண்கள். கையில் அடங்கும் வெண்கலப் பலகைகள் சில இன்றும் கிடைக்கின்றன. அவற்றில் ஒன்று, ஐந்து, பத்து, ஐம்பது என்று மணிகளுக்கு இடம் பிரித்திருப்பதைப் பார்த்தால் Ⅰ, Ⅴ, Ⅹ, Ⅼ ஏன் அப்படி அமைந்தன என்று புரிந்துவிடும். பலகையில் இருப்பதை அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். அந்த வேலைக்கு ரோமன் எண்ணை விடப் பொருத்தமான எழுத்து கிடையாது.

தமிழ் எண்ணுக்குத் துணை மனப்பாடம். திண்ணைப் பள்ளியில் எண்சுவடியைப் பிள்ளைகள் உரக்கச் சொல்லிச் சொல்லி மனதில் ஏற்றினார்கள். முழு எண் பெருக்கலோடு பின்னப் பெருக்கலும் நாக்கில் நிற்க வேண்டும். ஓலையில் ஏறியது பெரும்பாலும் முடிவு மட்டும்தான்.

இந்திய எண்ணுக்குத் துணை, தூசி தூவிய பலகை. விரலால் எழுது, அழி, மறுபடி எழுது. அரபு நாடுகளுக்கும் அந்தப் பழக்கமே போனது. 952 வாக்கில் டமாஸ்கஸில் அல்-உக்லீதிஸி என்பவர் இதை மாற்றினார். தெருவில் ஜோசியம் சொல்லிப் பிழைப்பவர்கள் தூசிப் பலகையோடு உட்கார்ந்திருப்பதால் கௌரவமானவர்கள் அதைத் தொடக் கூசுகிறார்கள் என்று குறைப்பட்டு, அதே கணக்கைத் தாளிலும் மையிலும் அழிக்காமல் போட வழி எழுதினார். கௌரவப் பிரச்சினைக்காகச் செய்த மாற்றம்தான், ஆனால் அதன் பலன் பெரிது. அழிக்காத கணக்கில் வழி முழுக்கக் கண்ணெதிரே நிற்கும். எங்கே தப்பு என்று இன்னொருவர் தேடலாம். கல் நகர்த்திய கணக்கில் கல்லை எடுத்ததுமே வழி போய்விடும். தப்பு இருந்தால் முதலிலிருந்துதான். ரோமன் எண் தோற்றது இந்த இடத்தில் என்று நினைக்கிறேன். பெருக்கல் கஷ்டம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

எண்ணோடு கணக்குப் போடும் கருவியையும் மாற்ற வேண்டியிருந்ததால்தான் ஐரோப்பாவில் மாற்றம் ஆமை வேகத்தில் நடந்தது. 976-இல் ஸ்பெயினில் எழுதிய ஒரு கைப்பிரதியில் ஒன்பது இந்தியக் குறிகள் இருக்கின்றன, பூஜ்யம் இல்லை. பிறகு போப் ஆன கெர்பெர்ட், அந்தக் குறிகளைப் பலகையின் காய்களில் பொறித்துப் பயன்படுத்தியதாகச் சொல்வார்கள். பலகையில் காலிக் கட்டம் காலியாகவே இருக்கும். பூஜ்யத்துக்கு அங்கே வேலை இல்லை. அல்ஜீரியத் துறைமுகமான புஜியாவில் சுங்கப் பணியில் இருந்த தந்தையிடம் போன இடத்தில் இந்த எண்களைக் கற்றுக்கொண்ட இத்தாலியக் கணிதர் ஃபிபோனாச்சி, 1202-இல் தன் பெரிய நூலை ‘இந்தியரின் ஒன்பது குறிகள்’ என்றுதான் ஆரம்பிக்கிறார். அதற்கு 320 வருடம் கழித்து, 1522-இல், ஜெர்மனியில் ஆடம் ரீஸ எழுதிய பாடநூல் கோடு கிழித்த பலகையில் காய் நகர்த்தும் கணக்கு, பேனாக் கணக்கு இரண்டையும் சேர்த்தே கற்பித்தது. வாங்குபவர்களுக்கு இரண்டும் தேவைப்பட்டிருக்கிறது.

1503-இல் அச்சான கிரெகோர் ரைஷின் நூலில் ஒரு வேடிக்கையான மரச்செதுக்குப் படம் உண்டு. ஒரு பக்கம் பழைய ரோமானிய அறிஞர் போயேதியஸ் இந்திய எண்களில் கணக்குப் போடுகிறார், மறுபக்கம் பிதாகரஸ் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு பலகையில் காய் நகர்த்துகிறார், நடுவில் கணிதத் தேவதை. போட்டியில் யார் ஜெயித்தார் என்பது முகங்களிலேயே தெரிகிறது. போயேதியஸுக்கு இந்திய எண்ணே தெரியாது என்பது வேறு கதை.

எதிர்ப்பும் வெறும் பிடிவாதமில்லை. 1299-இல் ஃபிளாரன்ஸ் நாணயமாற்று வணிகர் சங்கம், கணக்கேட்டில் இந்த எண்களை எழுதக் கூடாது, எழுத்தில் எழுத வேண்டும் என்று விதி போட்டது. 0-க்கு ஒரு வால் போட்டால் 6 அல்லது 9. கடைசியில் ஓர் இலக்கம் சேர்த்தால் தொகை பத்து மடங்கு. அந்தப் பயம் நியாயமானதுதான். இன்றும் காசோலையில் தொகையை எழுத்தாலும் எழுதச் சொல்கிறார்களே. ரோமன் எண் மட்டும் பத்திரமா என்றால் அதுவும் இல்லை. ⅠⅠⅠ-இன் கடைசியில் இன்னொரு கோடு இழுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்காகவே இடைக்காலத்தில் கடைசி ஒன்றுக்கு மட்டும் வாலை நீட்டி எழுதினார்கள். இந்த விஷயத்தில் தமிழ் கொஞ்சம் பரவாயில்லை: ௮௱ என்ற தொகைக்குப் பின்னால் ஒரு ௫ சேர்த்தாலும் ஐந்துதான் கூடும்.

கணிதம் வளராததற்கு எண்ணா காரணம்?

ரோமானியரிடம் பெரிய கணிதம் பிறக்காததற்கு அவர்கள் எண்களே காரணம் என்று சொல்வதுண்டு. இது எனக்கு ஒப்பவில்லை. கிரேக்கர்களும் இட மதிப்பில்லாத எழுத்தெண்களைத்தான் வைத்திருந்தார்கள். அதை வைத்துக்கொண்டே ஆர்க்கிமிடீஸ் 96 பக்கப் பலகோணம் வரைந்து, பையின் மதிப்பு 3 10/71-க்கும் 3 1/7-க்கும் இடையில் என்று நிறுவினார். வடிவியலுக்கு எண் எழுதும் முறை பெரிய தடை இல்லை. ஆனால் வானியலுக்கு வந்த டாலமி, நுணுக்கமான பின்னங்களுக்குப் பாபிலோனியரின், பத்துக்குப் பதில் அறுபதை அடிப்படையாகக் கொண்ட இடமதிப்பைக் கடன் வாங்கிக்கொண்டார். நீளமான கணக்குக்கு எது தேவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

‘ஒன்றும் இல்லை’ என்ற எண்ணமும் லத்தீனில் இல்லாமல் இல்லை. ஈஸ்டர் தேதி கணிக்க 525-இல் டயனீசியஸ் என்ற துறவி தயாரித்த அட்டவணையில் ரோமன் எண்களுக்கு நடுவே ‘நுல்லா’ என்ற சொல் வருகிறது. அது சொல்லாகவே நின்றுவிட்டது. 628-இல் பிரம்மகுப்தர் செய்தது வேறு. பூஜ்யத்தைக் கூட்டினால் என்ன, கழித்தால் என்ன, பெருக்கினால் என்ன என்று மற்ற எண்களைப் போலவே அதற்கும் விதி எழுதினார். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் பூஜ்யம் என்று அவர் சொன்னதை இன்று ஏற்க மாட்டோம்; ஆனால் அந்தக் கேள்வியே ரோமன் எண் எழுதுபவருக்கு எழுந்திருக்காது.

பின்னத்தில் மட்டும் ரோமானியரை லேசாக எடை போடக் கூடாது. முழு எண்ணில் பத்து, பின்னத்தில் பன்னிரண்டு என்று அவர்கள் மாறிக்கொண்டார்கள். பன்னிரண்டில் ஒரு பங்கு உங்கியா. மூன்றில் ஒன்று என்றால் சரியாக நான்கு உங்கியா, கால் என்றால் மூன்று. நம் தமிழ்ப் பின்னங்களோ கால், அரைக்கால், மாகாணி (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) என்று நிலத்துக்கும் நெல்லுக்கும் நன்றாக ஈடுகொடுத்தவை. ஆனால் மூன்றில் ஒன்று அவற்றில் சரியாக விழாது. தசமத்திலும் 0.333 என்று முடிவில்லாமல் ஓடும். இந்த ஒரு பந்தயத்தில் ரோமுக்கே வெற்றி. தசமத்தின் பலம், இன்னும் சிறிய பங்குக்குப் புதுப் பெயர் தேட வேண்டாம் என்பது. 1585-இல் ஸ்டெவின் தசமத்தை ஐரோப்பாவில் பரப்பினார், 1614-இல் நேப்பியரின் மடக்கை (லாகரிதம்) அட்டவணை வந்தது. அந்த அட்டவணையை ரோமன் எண்ணில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

இன்றைக்கு ரோமன் எண் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், யாரும் கூட்டிப் பார்க்காத இடங்களில். பதினான்காம் லூயி, வகுப்பறைக் கதவில் Ⅶ, முன்னுரைப் பக்கங்கள், கடிகார முகம். பெயர் போல நிற்கும் எண்ணுக்கு அது நன்றாகவே உழைக்கிறது. அங்கும் சில சமயம் சறுக்கும். அமெரிக்காவின் சூப்பர் பவுல் போட்டிகளுக்கு ரோமன் எண் போடுவதுதான் வழக்கம். 2016-இல் ஐம்பதாவது போட்டிக்கு மட்டும், தனியாக ஓர் Ⅼ எடுப்பாக இல்லை என்று 50 என்றே போட்டார்கள்.

தமிழ் எண்களுக்கு வேறு வழி கிடைத்தது. ஒன்று முதல் ஒன்பது வரை தனித்தனிக் குறிகள் இருந்ததால், ஒரு ௦ சேர்த்ததும் அவை இட மதிப்புக்கு மாறிக்கொண்டன. இன்று இணையத்தில் தமிழ் எண்ணில் ஆண்டு எழுதுபவர்களில் பலர் ௨௦௨௫ என்கிறார்கள், பழைய முறையில் பிடிப்பு உள்ளவர்கள் ௨௲௨௰௫ என்கிறார்கள். ரோமன் எண்ணுக்குப் பூஜ்யத்தைக் கொடுத்தாலும் இந்த மாற்றம் நடக்காது. இரண்டுக்கும் மூன்றுக்கும் அதில் தனிக் குறி கிடையாது. இட மதிப்பில் ⅠⅠⅠ என்று எழுதினால் அது மூன்றா, நூற்றுப் பதினொன்றா?