'லைஃப்டைம் ஃப்ரீ' டிவி பாக்ஸ் வாங்கி ஏமாந்தேன்

அப்பாவின் டிவி 2014இல் வாங்கியது. படம் இன்னும் பளிச்சென்றுதான் இருக்கிறது, ஆனால் ஸ்மார்ட் டிவி இல்லை. பாட்டும் பழைய படமும் நெட்டிலேயே பார்க்கட்டும் என்று ஒரு ஆண்ட்ராய்டு பாக்ஸ் வாங்கப் போனேன். கடையின் பெயரைச் சொல்லிப் பயனில்லை. இதே பாக்ஸ் வெவ்வேறு பெயரில் பல ஊர்களிலும் விற்கிறது.

அட்டையில் 8கே, 8 ஜிபி ராம், 128 ஜிபி மெமரி என்று போட்டிருந்தது. விலை 3,200 ரூபாய். "எல்லா சேனலும் எல்லா ஓடிடியும் உள்ளேயே இருக்கு சார், லைஃப்டைம் ஃப்ரீ" என்றார் கடைக்காரர். அங்கேயே திரும்பி வந்திருக்க வேண்டும். மாதச் சந்தா மிச்சம் என்று மனசு கணக்குப் போட்டுவிட்டது. பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி தனியாக ஆகும் என்று சொல்லி 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அதையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் நெட்ஃப்ளிக்ஸைத் திறந்தால் செல்போனில் வரும் அதே திரை. ரிமோட் வேலை செய்யவில்லை, மவுஸ் செருகித்தான் ஓட்ட முடிந்தது. படமோ, எண்ணெய்க் கை பட்ட கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல மங்கல். கடைக்குப் போன் செய்தேன். "உங்க நெட் ஸ்லோ சார்." என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். 1080பி என்ற முழு எச்டி தரத்துக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பதே 5 எம்பிபிஎஸ்தான்.

குறை நெட்டில் இல்லை, பாக்ஸில். ஓடிடி படங்கள் பூட்டுப் போட்டுத்தான் வருகின்றன. ஆண்ட்ராய்டில் அந்தப் பூட்டைத் திறப்பது கூகுளின் வைட்வைன். சிப்புக்குள்ளேயே பாதுகாப்பாகத் திறக்கும் கருவிக்கு எல்1 தகுதி. வெறும் மென்பொருளால் திறந்தால் எல்3. எல்3 கருவிக்கு நெட்ஃப்ளிக்ஸ் 480பி என்ற குறைந்த தரத்துக்கு மேல் தராது. டிஆர்எம் இன்ஃபோ என்ற இலவச ஆப்பில் பார்த்தேன், என்னுடையது எல்3. அட்டையில் 8கே என்று எழுதியவர் 80கே என்றும் எழுதியிருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்?

மெமரி இன்னும் மோசம். செட்டிங்ஸில் 128 ஜிபி என்றே காட்டும். அப்பா சேர்த்து வைத்திருந்த பாட்டுகளைப் பென்டிரைவிலிருந்து ஏற்றினேன். 5 ஜிபி தாண்டியதும், ஏறிவிட்டதாகக் காட்டிய பாட்டுகள் எதுவும் திறக்கவில்லை. 128 என்று காட்டியதே பொய். பழைய 5.1 ஹோம் தியேட்டரில் ஆப்டிகல் வயரைச் செருகினால் முன்னால் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் மட்டும் பாடின, சுற்றியிருக்கும் மற்றவற்றுக்கு ஒலியே போகவில்லை. அட்டையில் டால்பி முத்திரைக்குக் குறைச்சல் இல்லை.

'லைஃப்டைம்' ஆறு வாரத்தில் முடிந்தது. சேனல் ஆப் நின்றுபோனது. ரினியூவலுக்கு 1,500 ரூபாய் கேட்டார்கள். திருட்டு ஒளிபரப்புக்குத்தான் முதலிலேயே காசு கொடுத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அதில் என் தப்பும் இருக்கிறது, மறைக்கவில்லை.

பணம் போனதைவிடப் பயமுறுத்தியது வேறு. அந்தச் சேனல் ஆப்பை நிறுவும்போது, கெட்ட ஆப்களைத் தடுக்கும் கூகுளின் ப்ளே ப்ரொடெக்ட்டை அணைக்கச் சொன்னது, அணைத்தேன். 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ விட்ட எச்சரிக்கையில் இதையே ஆபத்தின் அறிகுறியாகச் சொல்லியிருக்கிறார்கள். பெயர் தெரியாத மலிவு பாக்ஸ்கள் பலவற்றில் பேட்பாக்ஸ் 2.0 என்ற தீம்பொருள், சில சமயம் வாங்கும் முன்பே, புகுந்திருக்கிறது. வீட்டு இணைப்பு வழியாக யாரோ எங்கிருந்தோ குற்றம் செய்யலாம். இணைப்பின் அடையாளமான ஐபி முகவரி நம்முடையதாக இருக்கும். அதற்கடுத்த மாதம் கூகுள் தொடுத்த வழக்கில், இது புகுந்ததாகச் சொன்ன எண்ணிக்கை 1 கோடிக் கருவிகளுக்கு மேல். என் பாக்ஸிலும் இருந்ததா என்று தெரியாது. அன்றைக்கே கழற்றிவிட்டு வைஃபை பாஸ்வேர்டையும் மாற்றினேன்.

வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே பாக்ஸை ஓடவிட்டு, ப்ளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'அபவுட்' பகுதியில் ப்ளே ப்ரொடெக்ட் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். அடாப்டரில், இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸின் முத்திரையோடு ஆர் என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அடித்தால் யாருடையது என்று வந்துவிடும். என் அடாப்டரில் முத்திரையே இல்லை. அப்புறம், எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. நல்லவேளை, பணத்தை யுபிஐயில் கட்டியிருந்தேன். அந்தப் பதிவை வைத்து நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன், பார்ப்போம்.

இப்போது டிவியில் செருகும், சான்றிதழ் உள்ள ஒரு ஸ்டிக் ஓடுகிறது. பழைய பாக்ஸ் பரணில். அதன் ரிமோட்டில் இருந்த இரண்டு பேட்டரியில் ஒன்றை அப்பா சுவர்க் கடிகாரத்துக்குப் போட்டுக்கொண்டார்.