சேலத்தில் எந்த வண்டி பொருந்தும்: சைடு வீல் ஸ்கூட்டரா, நாற்காலியில் பூட்டும் மோட்டாரா?

நடக்க இயலாத ஒருவர் பிழைப்புக்காகத் தினமும் சேலத்துச் சாலைகளில் போய்வர வேண்டுமென்றால், அவர் முன் இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாக விலையின்றி வழங்கப்படும், இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர். பேச்சு வழக்கில் சைடு வீல் வண்டி. மற்றொன்று, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவாகி நியோமோஷன் நிறுவனம் தயாரிக்கும் நியோபோல்ட் போன்ற மின் இணைப்பு. சக்கர நாற்காலியின் முன்புறம் அதைப் பூட்டிவிட்டால், நாற்காலியே மூன்று சக்கர வண்டியாகிச் சாலையில் ஓடும். இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் விலையையும் வேகத்தையும் மைலேஜையும்தான் பேசுகிறார்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் வண்டியை நிறுத்திய பிறகு அந்த மனிதர் என்ன செய்வார் என்பதே முதல் கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

ஸ்கூட்டரின் பலம் வெளிப்படையானது. இரு கால்களும் பாதிக்கப்பட்டு, கைகள் நல்ல நிலையில் உள்ள ஒருவர் மேட்டூரிலிருந்தோ ஆத்தூரிலிருந்தோ பிறர் துணையின்றி நகருக்கு வந்து திரும்பலாம். பின்னால் மனைவியையோ பிள்ளையையோ ஏற்றிக்கொள்ளலாம். கொலுசுப் பட்டறைக்கு வேண்டிய சரக்கைக் கால்வைக்கும் இடத்தில் வைத்து எடுத்துப்போகலாம். பஞ்சரானாலும் பிரேக் தேய்ந்தாலும் வெகுதூரம் தள்ளிக்கொண்டு போகத் தேவையில்லை. தெருமுனை மெக்கானிக்கே போதும். பெட்ரோல் செலவு மட்டும் உறுத்தும். கடும் பாதிப்புள்ளவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் அது 20 லிட்டருக்குச் சரியாகிவிடும்.

அதன் குறைகள் ஓட்டிப் பார்த்தவர்களுக்கே தெரியும். பின்சக்கரத்தின் இருபுறமும் சைடு வீல்கள் இருப்பதால், பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது வண்டியின் எடையைப் பக்கத்துச் சக்கரங்கள் தாங்கிக்கொள்ள, என்ஜின் சுழற்றும் சக்கரம் தரையில் பிடிப்பின்றி வெறுமனே சுற்றும். காலை ஊன்றித் தள்ளக்கூடியவருக்கு அது சிறு தொல்லை; முடியாதவர் யாராவது வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். பெரும்பாலான வண்டிகளில் ரிவர்ஸ் வசதி கிடையாது. சரிவில் முகப்பைக் கீழ்நோக்கி நிறுத்திவிட்டால் பின்னுக்கு இழுக்க இன்னொரு ஆள் வேண்டும். ஆகவே பழகியவர்கள் எங்கே நிறுத்தினாலும், திரும்பிப் போகும் திசையைப் பார்த்தே நிறுத்துகிறார்கள்.

இவற்றையெல்லாம்விடப் பெரிய குறை, ஸ்கூட்டர் வாசலோடு நின்றுவிடும் என்பது. காலைத் தாங்கும் காலிபர் கருவியை மாட்டி, ஊன்றுகோலோடு எழுந்து நிற்கக்கூடியவருக்கு அது குறையே அல்ல. இறங்கி உள்ளே போய்விடுவார். தண்டுவடம் பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வற்றவருக்கு நிலைமை வேறு. அவருடைய நாற்காலி வீட்டிலேயே இருக்கிறது. வங்கி மேலாளரோ மருந்துக்கடைக்காரரோ வெளியே வந்து பேசினால்தான் காரியம் நடக்கும். போதாக்குறைக்கு, நாற்காலியில் அழுத்தத்தைக் குறைக்கும் தனி மெத்தை இருக்கிறது, ஸ்கூட்டர் சீட்டில் இல்லை. வலி தெரியாத உடம்பு வெகுநேரம் அதன்மேல் உட்கார்ந்திருந்தால் அழுத்தப்புண் வரும். வந்தால் மாதக்கணக்கில் குப்புறப் படுக்க நேரிடும்.

இந்த இடத்தில் ஒரு வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சைடு வீல் ஸ்கூட்டர் மிகச் சரியாகப் பொருந்துவது போலியோவால் கால் சூம்பியவர்களுக்கு: உணர்வு இருக்கும், கைகளில் வலு இருக்கும், பிடிமானம் கிடைத்தால் நிற்கவும் முடியும். இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் ஏற்பட்ட கடைசி பாதிப்பு 2011 ஜனவரியில் பதிவானது. 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்ற சான்று கிடைத்தது. அந்தத் தலைமுறைக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. இனி வருபவர்களில் நெடுஞ்சாலை விபத்தில் தண்டுவடம் முறிந்தவர்களின் பங்கு கூடும் என்று எதிர்பார்ப்பதே நியாயம். அவர்களுக்கும் அதே வண்டியைத்தான் கொடுப்போம் என்றால், அது பழைய அளவெடுத்துத் தைத்த சட்டையைப் புதிய ஆளுக்கு மாட்டுவது போன்றது.

மின் இணைப்பின் முழு நியாயமும் இங்கேதான் தொடங்குகிறது. 2021இல் நியோபோல்ட் பரவலாக அறியப்பட்டபோது, மணிக்கு அதிகபட்சம் 25 கிலோமீட்டர் வேகம், ஒருமுறை சார்ஜ் செய்தால் சுமார் 25 கிலோமீட்டர் தூரம் என்று சொல்லப்பட்டது. எண்களாகப் பார்த்தால் ஸ்கூட்டருக்கு முன் இவை ஒன்றுமில்லை. ஆனால் ஓட்டுபவர் தன் சொந்த நாற்காலியில், தன் சொந்த மெத்தையில் உட்கார்ந்தே வருகிறார். கொண்டியை விடுவித்து மோட்டார் பகுதியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு அதே நாற்காலியோடு உள்ளே போகிறார். ஏறி இறங்குவதற்கு இன்னொருவரின் கை தேவைப்படுவதில்லை. அஸ்தம்பட்டியில் வீடும், நான்கைந்து கிலோமீட்டரில் வேலையும் உள்ள ஒருவருக்கு இந்தத் தூரம் தாராளம்.

இதற்கும் எல்லைகள் உண்டு, அவற்றை மழுப்பக் கூடாது. ஓமலூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே தாழ்ந்த உயரத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போவது அச்சம் தருவது. உயரமான கம்பில் ஒரு கொடி கட்டியாவது ஓட்ட வேண்டும். டயரை உள்ளூரில் பார்த்துக்கொள்ளலாம், மின்சுற்றில் கோளாறென்றால் பெரும்பாலும் நிறுவனத்தைத்தான் நம்பியிருக்க வேண்டும். நகரின் செவ்வாய்ப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் பல வீடுகளிலும் பட்டறைகளிலும் சாக்கடை மேல் ஒரு கற்பலகை, அதைத் தாண்டி இரண்டு மூன்று படி என்றுதான் வாசல் அமைந்திருக்கிறது. காலிபர்காரர் கதவு நிலையைப் பிடித்து அதில் ஏறிவிடுவார். எந்த மோட்டாரும் நாற்காலியை ஏற்றாது. ஆகவே பணியிடத்தில் படி இருந்து, அதை இடிக்க உரிமையாளர் சம்மதிக்காத நிலையில், மின் இணைப்பு தன் சிறப்பில் பாதியை இழந்துவிடுகிறது. அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சாக்கு கிடையாது: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின்படி ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றியமைக்க, அதன் விதிகள் வந்த நாளிலிருந்து தரப்பட்ட ஐந்தாண்டுக் கெடு 2022 ஜூனிலேயே முடிந்துவிட்டது.

விசைக்குமிழால் (ஜாய்ஸ்டிக்) இயங்கும் மின்கல நாற்காலியையும் அரசு வழங்குகிறது. கைகளிலும் வலு குன்றியவர்களுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. மற்றவர்களுக்கு அது வீட்டையும் தெருவையும் தாண்டாது, அதன் எடைக்கு ஆட்டோவில் ஏற்றவும் முடியாது.

பேருந்து இந்தப் போட்டியில் இருந்தாக வேண்டிய ஒன்று. மாற்றுத்திறனாளியும் துணைக்கு வருபவரும் சாதாரண நகரப் பேருந்தில் 2021 முதல் கட்டணமின்றிப் போகலாம். கட்டணம் போய்விட்டது, படிக்கட்டு போகவில்லை. தரையிலிருந்து 400 மில்லிமீட்டர் உயரத்தில் தளம் உள்ள தாழ்தளப் பேருந்துகள் 2024 ஆகஸ்டில் சென்னையில் ஓடத் தொடங்கின; அந்த வரிசையில் வாங்கப்பட்ட 552 பேருந்துகளும் சென்னை, கோவை, மதுரை ஆகிய மூன்று நகரங்களுக்கே ஒதுக்கப்பட்டன. சேலத்துக்கு வரும்வரை இங்கே பேருந்தை ஒரு தெரிவாக எழுதுவது சக்கர நாற்காலிக்காரரைக் கேலி செய்வதாகும்.

சேர்வராயன் மலையில் கணக்கு மாறுகிறது. ஏற்காடு 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கிறது; சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மின் இணைப்பில் மோட்டார் இருப்பது முன்சக்கரத்தில். ஏற்றத்தில் ஓட்டுபவரின் எடை பின்னுக்குச் சாய்வதால் முன்சக்கரத்தின் பிடிப்பு குறைகிறது; ஈரத் தார்ச்சாலையிலும், காப்பித் தோட்டத்து மண்பாதையிலும் அது வழுக்கும். சமதளத்துக்குச் சொன்ன தூரத்தை அங்கே எதிர்பார்க்கவும் கூடாது. ஏரியைச் சுற்றியும் கடைவீதியிலும் பயன்படும்; நாகலூர், மஞ்சக்குட்டை போன்ற மலைக் கிராமங்களிலிருந்து புறப்படுபவருக்கு உதவாது. அங்கே ஸ்கூட்டர்தான். அதையும் எச்சரிக்கையோடு சொல்ல வேண்டும்: சைடு வீல் வண்டி வளைவில் சாயாது, இரு சக்கர வண்டி ஓட்டிய பழக்கத்தில் வேகமாகத் திருப்பினால் வெளிப்பக்கமாகத் தூக்கியடிக்கும்.

என் முடிவு இது. நிற்க முடிந்தவருக்கும் மலைக் கிராமத்தாருக்கும் ஸ்கூட்டர். தண்டுவடம் பாதிக்கப்பட்டு நகருக்குள்ளேயே வேலை செய்பவருக்கு மின் இணைப்பு, அதன் விலையில், ஸ்கூட்டருக்குச் செலவிடும் தொகையளவையாவது அரசு ஈடுகட்டினால். இதற்குப் புதிய திட்டம் தேவையில்லை. வண்டியை நிறுத்திய பிறகு என்ன செய்வீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வியும், வழங்குவதற்கு முன் ஒரு சோதனை ஓட்டமும் போதும். வண்டிகளைச் சமதளமான மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சாவி கொடுப்பதற்குப் பதிலாக, விண்ணப்பதாரர் தன் வீட்டு வாசலில் ஏறி, வேலை செய்யும் இடத்தில் இறங்கிக் காட்டட்டும். எந்த இடத்தில் இன்னொருவரின் கை தேவைப்பட்டது என்பதை முடநீக்கியல் வல்லுநர் ஒருவர் உடனிருந்து குறித்துக்கொண்டு, அதற்குரிய வண்டியைப் பரிந்துரைக்கட்டும்.