லிச்செஸ் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரர்: கேள்வி கேட்கத் தெரிந்தவர்களுக்கு

செஸ்ஸில் ஓப்பனிங், அதாவது ஆட்டத்தின் தொடக்க நகர்த்தல்களைப் படிக்கக் காசு கொடுத்து வீடியோ கோர்ஸ் வாங்கும் முன், ஆன்லைனில் செஸ் ஆடும் லிச்செஸ் தளத்தின் ஓப்பனிங் எக்ஸ்ப்ளோரரைக் கொஞ்சம் குடைந்து பாருங்கள். இலவசம், விளம்பரத் தொல்லையும் கிடையாது. தளமே நன்கொடையில்தான் ஓடுகிறது.

காய் நகர்த்த நகர்த்த, அந்த நிலையில் மற்றவர்கள் என்ன ஆடினார்கள், யார் எத்தனை சதவீதம் ஜெயித்தார்கள், டிரா எவ்வளவு என்று பக்கத்திலேயே வந்துவிடும். 'மாஸ்டர்ஸ்' பகுதியில் 1952 முதல் 2200க்கு மேல் ஃபிடே (உலக செஸ் கூட்டமைப்பு) ரேட்டிங், அதாவது ஆட்டத்திறன் மதிப்பெண் உள்ளவர்கள் நேரில் ஆடிய ஆட்டங்கள். இன்னொன்றில் நம்மைப் போன்றவர்கள் தளத்தில் ஆடியவை, ரேட்டிங் வாரியாக. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இத்தாலியன் ஆட்டம் என்ற ஓப்பனிங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை மந்திரி (பிஷப்) சி4 கட்டத்தில் நிற்கிறது, கறுப்பு இரண்டு குதிரைகளையும் இறக்கிவிட்டது, வெள்ளைக் குதிரை ஜி5-க்குப் பாய்கிறது. குறி எஃப்7, அந்தச் சிப்பாய்க்குக் காவல் ராஜா மட்டும்தான். கறுப்பு டி5-க்குச் சிப்பாயைத் தள்ள, வெள்ளைச் சிப்பாய் அதை வெட்டுகிறது. இப்போது கை தானாகக் குதிரையால் திருப்பி வெட்டத்தான் போகும். குறைந்த ரேட்டிங் ஆட்டங்களில் இதை ஏராளமாகப் பார்க்கலாம். அப்புறம் வெள்ளைக் குதிரை எஃப்7-ஐ வெட்ட, கறுப்பு ராஜா நடுப்பலகைக்கு இழுபட, ஃப்ரைட் லிவர் என்ற பிரபலமான தாக்குதல்தான்.

மாஸ்டர்ஸ் பக்கம் போனால் பெரும்பாலோர் சி6 குதிரையை ஏ5-க்கு அனுப்புகிறார்கள். குதிரையை ஓரத்தில் வைக்காதே என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் திகைப்பாக இருக்கும். ஏன் என்று எக்ஸ்ப்ளோரர் சொல்லாது. கீழே இருக்கும் ஆட்டம் ஒன்றைத் திறந்து ஓட்டிப் பாருங்கள். சிப்பாயின் வாயிலிருந்து தப்பும் குதிரை, அதே நகர்த்தலில் மந்திரியைத் தாக்குகிறது. மந்திரி பி5-இல் செக் வைத்தால் சி6. ஒரு சிப்பாய் போனது போனதுதான். ஆனால் வெள்ளைக் காய்கள் பின்வாங்கிக்கொண்டிருப்பதற்குள் கறுப்புக் காய்கள் களத்துக்கு வந்துவிடும். இந்த இடத்தில் நான் இன்ஜினை (நல்ல நகர்த்தலைக் கணக்கிட்டுச் சொல்லும் கணினி நிரல்) அணைத்து வைத்துவிடுவேன், இல்லாவிட்டால் மூளை வேலை செய்யாது.

சதவீதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். மூன்றே ஆட்டங்களில் வந்த 100 சதவீதத்துக்கு மதிப்பில்லை.

காய்களை வெளியே எடுக்கவே திணறுபவர்களுக்கு இது இப்போது தேவையில்லை. மற்றவர்கள் தங்கள் பயனர் பெயரைப் போட்டு, சொந்த ஆட்டங்களை மட்டும் அலசும் பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். எந்த ஓப்பனிங்கில் அடி வாங்குகிறோம் என்பது உடனே தெரிந்துவிடும்.