கீமோதெரபிக்குப் பின் அக்குள்: முழுவதும் அகற்றுவதா, குறித்த முடிச்சைத் தேடி எடுப்பதா?

மார்பகப் புற்றுநோய் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருப்பது ஊசிப் பரிசோதனையில் உறுதியாகி, அறுவைக்கு முன்பே கீமோதெரபி பெற்று, அதன் முடிவில் அக்குளில் எதுவும் கைக்குத் தட்டுப்படாத நிலையை அடைந்த நோயாளிக்கு அடுத்து என்ன செய்வது என்பதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. 2013இல் வெளியான அமெரிக்காவின் இசட்1071 ஆய்வில், இத்தகையோரில் ஏறத்தாழ ஐந்தில் இருவருக்கு முடிச்சுகளில் புற்றுச்செல்கள் எஞ்சவே இல்லை. அவர்களுக்கும் அக்குள் முடிச்சுகளை முழுவதும் அகற்றுவது தேவைதானா என்பதே கேள்வி.

முதல் வழி முழு அகற்றம். அதில் நோயுள்ள முடிச்சு தப்புவது அரிது. அதன் வலிமை அதுதான். ஆனால் அதற்கான விலையை நோயாளியின் கை கொடுக்கிறது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நிணநீர் தேங்கிக் கை வீங்குகிறது. மார்பின் நிணநீர் முதலில் சென்றடையும் 'காவல்' முடிச்சுகளை மட்டும் எடுத்தால் இது இருபதில் ஒருவர் அளவுக்குக் குறைகிறது. மேற்கையின் உட்புறம் மரத்துப்போவதும் தோள் இறுகுவதும் இந்தக் கணக்கில் சேராதவை.

இரண்டாவது வழி காவல் முடிச்சுப் பயாப்ஸி. மார்பில் செலுத்தப்படும் சாயம் முதலில் சென்றடையும் முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறார்கள். கீமோதெரபிக்குப் பின் இதில் ஒரு சிக்கல் எழுகிறது: நிணநீர்ப் பாதைகள் தழும்பேறி அடைபடலாம், ஒரு முடிச்சு முழுவதும் குணமாகியிருக்க, பக்கத்து முடிச்சில் நோய் தங்கியிருக்கலாம். இசட்1071 ஆய்வில், நோய் எஞ்சியிருந்தவர்களில் 12.6 சதவீதத்தினருக்கு இந்தப் பயாப்ஸி அதைத் தவறவிட்டது. ஒரே சாயத்தைப் பயன்படுத்தியபோது 20.3 ஆக இருந்த தவறு, நீலச் சாயத்தையும் கதிரியக்கத் திரவத்தையும் சேர்த்துப் பயன்படுத்தியபோது 10.8 ஆனது, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகள் கிடைத்தபோது 9.1 ஆகக் குறைந்தது. இரு சாயமும் மூன்று முடிச்சும் இல்லாத பயாப்ஸியின் 'நோய் இல்லை' என்ற முடிவை என்னால் முழுமனத்துடன் நம்ப முடியவில்லை.

மூன்றாவது வழியையே நான் முன்வைப்பேன். நோய் உறுதியான முடிச்சில் கீமோதெரபிக்கு முன்பே சிறிய உலோகக் கிளிப் ஒன்றைப் பொருத்திவிட்டு, அறுவையின்போது காவல் முடிச்சுகளோடு அந்தக் கிளிப் முடிச்சையும் தேடி எடுக்கிறார்கள். வெளியே வந்த திசுவை அங்கேயே எக்ஸ்ரே எடுத்து, சாம்பல் நிழலுக்குள் கிளிப் வெள்ளைப் புள்ளியாகத் தெரிகிறதா என்று பார்த்த பிறகே தையல் போடுகிறார்கள். எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையம் 2016இல் வெளியிட்ட ஆய்வில், காவல் முடிச்சுகளை மட்டும் எடுத்தபோது 10.1 சதவீதமாக இருந்த தவறு இந்த முறையில் 2 சதவீதமாகக் குறைந்தது. காரணம் எளியது: ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு, கிளிப் இருந்த முடிச்சு சாயம் காட்டிய முடிச்சுகளுள் ஒன்றாக இருக்கவில்லை.

நியாயமாகச் சொல்வதென்றால், கவனமாகச் செய்த பயாப்ஸிக்கும் கிளிப் முறைக்கும் இடையே, அக்குளில் நோய் திரும்புவதில் தெளிவான வேறுபாடு இதுவரை தெரியவில்லை. இரண்டிலும் அது அரிதே. எடுத்த முடிச்சில் நோய் எஞ்சியிருந்தால், முழு அகற்றமே இன்றும் வழக்கம். மார்பின் தோல் சிவந்து வீங்கும் அழற்சி வகைப் புற்றுநோய்க்கும் அதுவே பொருந்தும்.

ஆனால் கிளிப்பைப் பற்றிய பேச்சு அறுவை மேசைக்கு வரும்வரை காத்திருக்க முடியாது. முடிச்சு சுருங்கிய பிறகு எது நோயுற்றிருந்தது என்பதை அடையாளம் காண்பது கடினம், ஆகவே முதல் கீமோ ஊசிக்கு முன்பே, "அந்த முடிச்சில் கிளிப் வைத்தாயிற்றா?" என்று மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.