உளுந்து விதைக்கு மூவடுக்குப் பை: வாங்கலாமா?

காவிரிப் படுகையில் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னதாக, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போது, நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தூவுவது வழக்கம். அந்த உளுந்து பங்குனி, சித்திரையில் களத்துக்கு வந்துவிடும். அதிலிருந்து எடுத்து வைக்கும் விதை மறுபடி மண்ணைப் பார்ப்பது அடுத்த தை மாதத்தில்தான். இடைப்பட்ட எட்டு, ஒன்பது மாதங்களில் கோடை வெக்கையையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையின் ஈரத்தையும் தாண்டி, வண்டு துளைக்காமலும் முளைப்புத் திறன் குறையாமலும் அது இருந்தாக வேண்டும். இந்தத் தேவையை மனத்தில் வைத்தே பிக்ஸ் என்ற பெயரில் அறியப்படும் மூவடுக்குக் காற்றுப்புகாப் பையைப் பயன்படுத்தி வருகிறேன். விதைக்கு இது நல்ல பொருள். சமையலுக்கு வைக்கும் உளுந்துக்கு இதை வாங்க வேண்டியதில்லை என்பது என் முடிவு.

பை பார்வைக்கு மிகச் சாதாரணமானது. வெளியே பின்னப்பட்ட பிளாஸ்டிக் சாக்கு. அதற்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடித்த பாலித்தீன் உறைகள். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பூச்சியியல் அறிஞர் லாரி மர்டாக்கும் அவருடைய குழுவினரும் 1980களின் இறுதியில் ஆப்பிரிக்க நாடான கேமரூனில் தட்டைப்பயற்றைக் காப்பதற்காக உருவாக்கிய முறை இது. கேட்ஸ் அறக்கட்டளையின் உதவியோடு 2007 முதல் மேற்கு ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் பரப்பப்பட்டது. அங்கே தட்டைப்பயற்றைத் துளைத்த அதே பயறு வண்டுதான் நம் ஊர் உளுந்தையும் பாசிப்பயற்றையும் துளைக்கிறது என்பதால், அந்த ஆராய்ச்சி நமக்கு நேராகவே பொருந்துகிறது.

பயறு வண்டு சேமிப்பறையில் மட்டும் பிறக்கும் பூச்சியன்று. வயலில் நெற்று முற்றும்போதே வந்து முட்டையிட்டுவிடும். களத்திலிருந்து வீட்டுக்கு வரும் சாக்கில் அது கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வருகிறது. விதையின் மேல் வெள்ளைப் புள்ளியாக ஒட்டியிருக்கும் முட்டையிலிருந்து வெளிவரும் புழு நேராக விதைக்குள் குடைந்து போய், உள்ளேயே தின்று வளர்ந்து, வட்டமான ஓட்டை வழியாக வண்டாக வெளியேறும். வெளிவந்த வண்டு பயற்றைத் தின்பதில்லை. இனப்பெருக்கம் செய்து சில நாட்களில் மடிந்துவிடும். நம் வெப்பநிலையில் ஒரு தலைமுறைக்கு மூன்று, நான்கு வாரங்கள் போதும் என்பதால், சித்திரையில் இருந்த சில வண்டுகள் ஆடிக்குள் மூட்டையையே மாவாக்கிவிடுகின்றன. மேலே மருந்து தூவுவதும் வேப்பெண்ணெய் தடவுவதும் முட்டையையும் வெளியே நடமாடும் வண்டையும் ஓரளவு தடுக்குமே தவிர, விதைக்குள் போய்விட்ட புழுவை எட்டுவது கடினம்.

மூவடுக்குப் பை அங்கேதான் வேறுபடுகிறது. அதில் மருந்தும் இல்லை, காற்றை உறிஞ்சும் இயந்திரமும் இல்லை. உள்ளே அடைபட்ட பூச்சிகள் தாமே சுவாசித்து ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. அவை மூச்சுத்திணறிச் சாகின்றன என்றே பலரும் கருதுகிறார்கள். மர்டாக் குழுவினர் 2012இல் காட்டிய விளக்கம் இன்னும் சுவையானது. காய்ந்த தானியத்துக்குள் வாழும் பூச்சிக்குக் குடிக்க நீர் கிடையாது. தின்ற உணவை ஆக்சிஜன் கொண்டு சிதைக்கும்போது உண்டாகும் நீரை வைத்தே அது உயிர் வாழ்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் அந்த நீர் உற்பத்தி நின்று, வளர்ச்சியும் இனப்பெருக்கமும் நின்று, பூச்சி உலர்ந்து சாகிறது. விதைக்குள் இருக்கும் புழுவுக்கும் இதே கதிதான். ஆகவே கட்டிய சில நாட்களில் ஆவல் தாங்காமல் பையைப் பிரித்துப் பார்ப்பவர் வண்டுக்குப் புதுக் காற்றை இலவசமாக அளிக்கிறார்.

கட்டும் முறையில் அலட்சியம் கூடாது. முதல் உறையில் விதையை நிரப்பி, கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி, கழுத்தை இறுக முறுக்கி, மடித்து, கயிற்றால் கட்ட வேண்டும். இரண்டாம் உறையையும் வெளிச் சாக்கையும் அவ்வாறே தனித்தனியாகக் கட்ட வேண்டும். மூன்றையும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டினால் இரண்டு உறைகள் இருப்பதன் பயனே போய்விடும். வண்டு உள் உறையைத் துளைத்தாலும் அடுத்தது காக்கட்டும் என்பதற்காகவே அது இரண்டாக இருக்கிறது.

இனி முக்கியமான எச்சரிக்கை. பை வெளி ஈரத்தை உள்ளே விடாது என்பது எவ்வளவு உண்மையோ, உள் ஈரத்தை வெளியே விடாது என்பதும் அவ்வளவு உண்மை. சாக்கில் வைத்த விதை வெயில் நாளில் கொஞ்சம் உலர்ந்துகொள்ளும். இங்கே அந்த வாய்ப்பு இல்லை. இந்திய விதைச் சான்றளிப்புத் தரம் இதைக் கணக்கில் கொண்டே உளுந்து விதைக்குச் சாதாரணப் பையில் 9 விழுக்காடு ஈரப்பதத்தையும், ஈரம் புகாத கலனில் 8 விழுக்காட்டையும் உச்ச அளவாக வைத்திருக்கிறது. முளைப்புத் திறன் குறைந்தது 75 விழுக்காடு இருக்க வேண்டும். உலர் உப்போடு தானியத்தைப் புட்டியில் போட்டுக் குலுக்கிப் பார்க்கும் சோதனையைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். கண்ணாடியில் உப்பு ஒட்டினால் ஈரப்பதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டுக்கு மேல் என்று மட்டுமே அது சொல்லும். விதைக்கு அந்தத் தகவல் பயன்படாது. கடித்தால் டக்கென்று உடைய வேண்டும் என்ற பெரியவர்களின் அளவுகோல் அதைவிட மேல். இருந்தாலும் ஈரப்பதமானியில் ஒருமுறை பார்த்துவிடுவதோ, விதைப் பரிசோதனை நிலையத்தில் மாதிரி கொடுப்பதோதான் சரி. காயவைத்த சூட்டோடு பையில் கொட்டுவதும் தவறு. இரவு முழுக்க நிழலில் ஆறவிட்ட பிறகே கட்ட வேண்டும்.

இவ்வாறு வைத்த உளுந்தைத் தை மாதம் பிரித்து, ஈரச் சாக்கில் நூறு விதையை உருட்டி முளைகட்டிப் பார்த்ததில், எண்பதுக்குக் குறையாமல் முளைத்தது. ஓட்டை விழுந்த விதைகள் சில கிடைத்தன. அவை களத்திலிருந்தே வந்தவை. பெருக்கம் இல்லை என்பதே முக்கியம். வீட்டுக்குள் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை போடும் ஆபத்தான பழக்கத்தை விட்டொழிக்க இந்த ஒன்றே போதிய காரணம். அதிலிருந்து எழும் பாஸ்பீன் வாயு மனிதரையும் கொல்லும். அதனாலேயே சட்டம் அதைப் பொதுமக்கள் கைக்குத் தரக்கூடாத பொருளாக வைத்திருக்கிறது.

குறைகளும் உண்டு. 50, 100 கிலோ பைகளே வழக்கமாகக் கிடைக்கின்றன. இரண்டு, மூன்று ஏக்கர் நெல் தரிசில், அதாவது சம்பா அறுக்கும் வயலில், விதைப்பவருக்கு வேண்டியது அதைவிடக் குறைவுதான். உறையில் மீந்த பகுதியை நன்றாக முறுக்கிக் காற்றை நீக்கினால் சிறு அளவையும் வைக்கலாம் என்றாலும், 25 கிலோ பை எளிதாகக் கிடைத்தால் சிறு விவசாயிக்கு உதவும். சணல் சாக்கைவிட விலை கூடுதல்; ஆனால் கவனமாகக் கையாண்டால் இரண்டு, மூன்று ஆண்டுகள் வரும். எலிதான் உண்மையான எதிரி. நம் பக்கத்துப் பெருச்சாளிக்கு மூன்று அடுக்கு ஒரு பொருட்டே அன்று; பல் பட்ட இடத்தில் காற்று நுழைந்தால் பை வெறும் சாக்காகிவிடும். சுவரை ஒட்டாமல், பலகை மேல் வைக்க வேண்டும்.

சமையல் உளுந்துக்கு இது ஏன் வேண்டாம் என்றால், வாரம் ஒருமுறை படி கொண்டு அளந்து எடுக்கும் பொருளுக்குக் காற்றுப்புகா முறை ஒத்துவராது. அதற்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த பூச்சிப் பொறி பொருத்தமானது. காற்றை நாடி நகரும் வண்டுகள் துளையிட்ட குழாய்க்குள் நுழைந்து, கீழே உள்ள கூம்பில் விழுந்துவிடும். 25 கிலோ டப்பாவுக்கு இரண்டு, மூன்று பொறிகள் வைத்தால் போதும். பயறு வகைகளுக்கென்று மேற்பரப்பில் திரியும் வண்டையும் சேர்த்துப் பிடிக்கும் தனி மாதிரி இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும். உடைத்துப் பருப்பாக்கி வைத்துவிட்டால் பயறு வண்டின் தொல்லை வெகுவாகக் குறையும் என்பது நம் பாட்டிமார் அறிந்த செய்தி.

வண்டே துளைக்காத ரகம் வந்துவிட்டால் பையே தேவைப்படாது என்று வாதிடலாம். காட்டு உளுந்திலும் காட்டுப் பாசிப்பயற்றிலும் அத்தகைய எதிர்ப்புத் தன்மை இருப்பதை ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்திருக்கிறார்கள். ஆனால் ஆடுதுறை 3, வம்பன் 8 போல நாம் விதைக்கும் ரகங்கள் வேறு காரணங்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. தரிசின் மிச்ச ஈரத்தில் வளர்வது முன்னதன் பலம்; மஞ்சள் தேமல் நோயைத் தாங்குவது பின்னதன் பலம். அறுவடை இயந்திரத்தின் டயர் மிதித்து முளைத்த உளுந்து வீணாவதால் தரிசு உளுந்தையே பலர் கைவிடும் காலத்தில், பிடித்த ரகத்தைத் தொடர விரும்புபவர் விதையைத் தம் கையில் வைத்திருப்பதே நல்லது.

மறுமுறை பயன்படுத்தும் முன் ஒவ்வோர் உறையிலும் காற்றை நிரப்பி, வாயை முறுக்கிப் பிடித்து அழுத்திப் பார்க்க வேண்டும். காற்று கசிந்தால் அந்த உறையை ஒட்டுப்போட்டு மீண்டும் விதைக்கு வைக்கக் கூடாது. நெல்லோ தவிடோ போட்டு வைக்க அது தாராளமாக உதவும்.